தண்டையார்பேட்டையில் சீலியாக் பரிசோதனை: பதினொரு மாதம், நான்கு வருகைகள்

தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில், மருந்துக்கடை ஒன்றுக்கு மேல் முதல் மாடியில் இருக்கும் இந்த இரத்தப் பரிசோதனை நிலையத்துக்குக் கடந்த பதினொரு மாதங்களில் நான்கு முறை சென்று வந்திருக்கிறோம். அந்த நான்கில் ஒரு முறை அவர்கள் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்காமல், இரத்தமும் எடுக்காமல், திருப்பி அனுப்பினார்கள். இதை எழுதத் தூண்டியது அந்த ஒரு முறைதான். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோயின் பெயரையே சென்ற ஆண்டுவரை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. வடசென்னையில் எங்களைப் போல அலையப்போகும் பெற்றோருக்கு இது உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு வயது 9. மூன்றாம் வகுப்பில் தைத்த சீருடை நான்காம் வகுப்பிலும் அப்படியே பொருந்தியது. அதைச் சிக்கனம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, பிள்ளை வளரவில்லை என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு பள்ளியில் மயங்கி விழுந்தபோது பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.9 என்று வந்தது. இரும்புச்சத்து மாத்திரை, டானிக், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், என் அம்மா வாராவாரம் வாங்கி வந்து வறுத்துக் கொடுத்த ஆட்டுச் சுவரொட்டி என்று எட்டு மாதம் போராடியும் 8.6-ஐத் தாண்டவில்லை. கொடுக்கும் இரும்பைக் குடல் உறிஞ்சவில்லையோ என்று சந்தேகப்பட்ட குழந்தை மருத்துவர், சீட்டில் இரண்டு பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். ஒன்று, சீலியாக் நோயில் உண்டாகும் எதிர்ப்பொருளை (நோயெதிர்ப்புப் புரதத்தை) இரத்தத்தில் தேடும் டிடிஜி ஐஜிஏ; மற்றொன்று, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகை மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் மொத்த ஐஜிஏ.

அந்தச் சீட்டோடு நாங்கள் முதலில் போன இடம் இதுவன்று. அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கவுண்டரில் இருந்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு, இரண்டு பரிசோதனைக்குப் பதிலாக மரபணுப் பரிசோதனை ஒன்றை எடுத்தால் ஒரே தடவையில் வேலை முடிந்துவிடும் என்றார். ஆறாயிரத்துச் சொச்சம் கட்டினோம். பத்து நாள் கழித்து வந்த அறிக்கையில் 'டிக்யூ2.5 உள்ளது' என்ற வரி சிவப்பு எழுத்தில் இருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் உறுதியாகிவிட்டது, இனி ஆயுளுக்கும் கோதுமையே கூடாது என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள். அன்று இரவே வீட்டிலிருந்த கோதுமை மாவு, ரவை, சேமியா எல்லாவற்றையும் எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் பிள்ளைக்குச் சோறும் இட்லியும்தான். மருத்துவரிடம் போய்க் காட்டியபோது, எழுதிக் கொடுத்த பரிசோதனை எங்கே என்று கேட்டார். அதற்காகத்தான் இந்த மாடிப்படி ஏறினோம்.

இரத்தம் எடுக்கும் பெண் மகளை நாற்காலியில் உட்காரவைத்துக் கையில் இரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, "பாப்பா இப்ப சப்பாத்தி, பிஸ்கட்டு, பரோட்டா எல்லாம் சாப்பிடுதா அக்கா?" என்று கேட்டார். ஒரு மாதமாக நிறுத்திவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டார். "இன்னைக்கு எடுத்தா எங்களுக்குப் பில்லு வரும், ஆனா உங்களுக்கு ரிப்போர்ட்டு தப்பா வரும்கா. உள்ள டாக்டரம்மாகிட்ட பேசிட்டுப் போங்க" என்றார். அந்த நோயியல் மருத்துவர் கால் மணி நேரத்துக்கு மேல் எங்களுக்காக ஒதுக்கி, எங்கள் பழைய பில்லின் பின்பக்கத்திலேயே படம் போட்டு விளக்கினார். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கோதுமை, பார்லி, ரை (நம் ஊர்க் கம்பு அன்று) ஆகிய தானியங்களில் குளூட்டன் வகைப் புரதங்கள் உள்ளன. இவற்றை நம் செரிமான நீர்களால் முழுவதுமாக வெட்ட முடிவதில்லை. நீளமான துண்டுகள் சில மிஞ்சிச் சிறுகுடலின் சுவருக்குள் போய்விடுகின்றன. அங்கே திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி இருக்கிறது. டிடிஜி என்று அறிக்கையில் வருவது அதுதான். இந்த நொதி, துண்டுகளில் உள்ள குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த மாற்றத்தால் துண்டுகளுக்கு எதிர்மின்சுமை வந்துவிடுகிறது. டிக்யூ2, டிக்யூ8 என்பவை நம் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் மேல் அமர்ந்திருக்கும் புரதப் பிடிப்புகள். இந்தப் பிடிப்புகளின் பள்ளத்தில் எதிர்மின்சுமை கொண்ட துண்டு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்த துண்டைப் பார்த்த டி உயிரணுக்கள் என்ற வெள்ளை அணுக்கள் அதைப் பகையென்று எடுத்துக்கொண்டு அழற்சியைக் கிளப்புகின்றன. அதோடு, குளூட்டன் துண்டுக்கு எதிராகவும் அந்த நொதிக்கே எதிராகவும் எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. உடல் தன் சொந்த நொதியின்மேலேயே பாய்கிறது என்பதையும், அந்த நொதி இதுதான் என்பதையும் 1997-இல் ஜெர்மனியில் கண்டுபிடித்த பிறகுதான் இரத்தத்தில் அந்த எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை வந்தது. இத்தனைக்கும் நடுவில் குடலின் உட்பரப்பில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுவதால், இரும்பும் பிற சத்துகளும் உள்ளே போக வழியில்லாமல் போகிறது.

ஆகவே பிடிப்பு இருப்பது ஒன்று, நோய் இருப்பது வேறொன்று. இந்த இடத்தைத்தான் முதலில் போன இடத்தில் எங்களுக்குத் தவறாகச் சொல்லிவிட்டார்கள். ஆறாவது குரோமோசோமில் உள்ள, இந்தப் பிடிப்புகளை உருவாக்கும் மரபணுக்களை மக்கள்தொகையில் 30 முதல் 40 சதவீதம் பேர் சுமக்கிறார்கள். அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. உலக அளவில் நோயுள்ளவர்கள் மொத்த மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதம்தான். நோயாளிகளில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரிடம் டிக்யூ2-இன் ஒரு வகையான டிக்யூ2.5 இருக்கிறது, மீதிப் பேரில் பெரும்பாலோரிடம் டிக்யூ8 இருக்கிறது. இவை எதுவுமே இல்லாதவருக்கு இந்த நோய் வருவது மிகமிக அரிது. மரபணுப் பரிசோதனை, 'இல்லை' என்று வரும்போதுதான் ஒரு முடிவைத் தருகிறது; 'உண்டு' என்று வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று மட்டுமே பொருள், யாரும் உள்ளே வந்துவிட்டார்கள் என்று பொருளில்லை. எங்களுக்குச் சிவப்பு எழுத்தில் கிடைத்த வரி, எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒருவருக்காவது கிடைத்திருக்கக்கூடிய வரி.

சோறு தின்னும் ஊரில் இந்த நோய் எப்படி என்று என் மாமியார் கேட்டார். எனக்கும் அதே கேள்வி இருந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி மருத்துவர் சொன்னார். வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்திருக்கிறார்கள். டிக்யூ2 அல்லது டிக்யூ8 மரபணு வடக்கே 38.1 சதவீதம் பேரிடமும், தெற்கே 36.4 சதவீதம் பேரிடமும் இருந்திருக்கிறது, ஏறக்குறைய சமம். ஆனால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் வடக்கே 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கே 0.10 சதவீதம் பேரிடமும் மட்டுமே கண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு உண்ணும் கோதுமையின் சராசரி அளவு வடக்கே 455 கிராம், தெற்கே 25 கிராம். இதைக் கேட்டதும் எங்கள் வீட்டின் ஐந்து வருடங்கள் என் கண்முன் வந்து நின்றன. மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து இரவுச் சாப்பாடு வீடு முழுவதற்கும் சப்பாத்தியாக மாறியது. காலையில் கோதுமை ரவை உப்புமா, பள்ளிக்கு பிஸ்கட், ஞாயிற்றுக்கிழமை பரோட்டா. இன்று வடசென்னையில் எத்தனையோ வீடுகளில் இதுதான் நிலை. மகளுக்கு நோய் வர அதுதான் காரணம் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இது வடநாட்டு நோய் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது எனக்குப் புரிந்தது.

கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் மெல்ல இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். அதன்பின் எடுக்கும் பரிசோதனை, நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டக்கூடும். மரபணுவை மட்டும் சாப்பாடு மாற்றாது. ஆகவே குழந்தை மருத்துவரின் மேற்பார்வையில் எட்டு வாரம் மறுபடியும் கோதுமை கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த எட்டு வாரத்தை நான் மறக்க மாட்டேன். ஒரு மாதத்தில் வயிற்றுவலி அடங்கி முகம் தெளிந்திருந்த பிள்ளைக்கு, வலி வரும் என்று தெரிந்தே தினமும் சப்பாத்தி சுட்டு ஊட்டினேன். "வயிறு வலிக்குதும்மா, இன்னைக்கு வேணாம்மா" என்று அவள் தட்டைத் தள்ளிய இரவுகள் உண்டு. முதலில் போன இடத்தில் சீட்டில் எழுதியிருந்ததை எழுதியபடி செய்திருந்தால் இந்த எட்டு வாரமே வந்திருக்காது.

இரண்டாவது வருகையில் இரத்தம் எடுத்தார்கள். அதே பெண்தான் எடுத்தார். ஒரே குத்து, மகளிடம் அவள் தோழிகளின் பெயர்களைக் கேட்டுக்கொண்டே முடித்துவிட்டார். டிடிஜி ஐஜிஏ, மொத்த ஐஜிஏ இரண்டும் சேர்த்து 1,900 ரூபாய். மறுநாள் மாலை அறிக்கைக்குப் பதில் தொலைபேசி அழைப்பு வந்தது. டிடிஜி எதிர்ப்பொருள் இயல்பான அளவில்தான் இருக்கிறது, ஆனால் அந்த விடையை நம்ப முடியாது என்றார் அந்த நோயியல் மருத்துவர். மகளின் இரத்தத்தில் ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையே அளவிட முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது. எந்த வகையே இல்லையோ அந்த வகையில் டிடிஜிக்கு எதிரானது எவ்வளவு என்று தேடினால், விடை எப்போதும் இயல்பு என்றுதான் வரும். சீலியாக் நோயாளிகளில் 2 முதல் 3 சதவீதம் பேருக்கு இந்த ஐஜிஏ குறைபாடு சேர்ந்தே இருக்குமாம். மற்றவர்களைவிட இவர்களிடம் இது பல மடங்கு அதிகம். மொத்த ஐஜிஏவைச் சேர்த்துப் பார்க்காமல் டிடிஜியை மட்டும் பார்க்கும் இடங்களில், இப்படிப்பட்ட பிள்ளைகளை நோயில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.

இங்கேதான் இந்த நிலையத்தின்மேல் எனக்குப் பெருமதிப்பு வந்தது. எடுத்த இரத்தத்தில் மிச்சத்தைக் குளிரில் வைத்திருந்தார்கள். எங்கள் குழந்தை மருத்துவரிடம் அவர்களே பேசி, அவர் ஒப்புதலோடு அதே இரத்தத்தில் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளை, அதாவது டீஅமிடேட்டட் கிளியாடின் எனப்படும், நொதி மாற்றிய குளூட்டன் துண்டுக்கு எதிரான ஐஜிஜியைப் பார்த்தார்கள். மகளுக்கு இன்னொரு குத்து இல்லை. அந்த அளவு எல்லைக் கோட்டைத் தாண்டி மிக உயரத்தில் இருந்தது. அறிக்கையின் கடைசியில் மருத்துவர் கையால் இரண்டு வரி எழுதியிருந்தார்: ஐஜிஏ குறைபாடு உள்ளது, இனி இக்குழந்தைக்கு ஐஜிஏ சார்ந்த பரிசோதனைகளை வைத்து முடிவு செய்யக் கூடாது. அந்த இரண்டு வரியை எத்தனை மருத்துவர்களிடம் இதுவரை காட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

அதன் பிறகு எண்டோஸ்கோபி. பிள்ளைகளுக்கு டிடிஜி ஐஜிஏ எல்லைக் கோட்டைப் போலப் பத்து மடங்குக்கு மேல் இருந்து, தனியாக எடுத்த இன்னொரு இரத்தத்தில் ஈஎம்ஏ என்ற எதிர்ப்பொருளும் இருந்தால், குடல் திசு எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம் என்பது ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய்ச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஐஜிஏ இல்லாத பிள்ளைக்கு அந்தக் குறுக்குவழி பொருந்தாது. மருத்துவமனையில் சிறுகுடலின் தொடக்கப் பகுதியிலிருந்து சில திசுத் துணுக்குகள் எடுத்தார்கள். குடலுறிஞ்சிகள் தேய்ந்திருப்பது தெரிந்தது; குடல் சேதத்தின் படிநிலையை மார்ஷ் 3 என்று எழுதிக் கொடுத்தார்கள். நோய் உறுதியானது.

மூன்றாவது வருகை குடும்பத்துக்காக. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினரில் பத்தில் ஒருவருக்குக் கிட்டத்தட்ட இந்த நோய் இருக்கக்கூடும் என்பதால் எங்களையும் பார்க்கச் சொன்னார்கள். எனக்கும் கணவருக்கும் எதிர்ப்பொருளும் மொத்த ஐஜிஏவும் மட்டும் போதும் என்றார்கள். ஐந்து வயது மகனுக்கு மட்டும் மரபணுப் பரிசோதனையும் எடுக்கலாம் என்று அவர்களே ஆலோசனை சொன்னார்கள். முன்பு எங்களை ஏமாற்றிய பரிசோதனையைச் சரியான இடத்தில் பயன்படுத்துவது எப்படி என்று அன்று கண்டேன். மகனுக்கு டிக்யூ2-உம் இல்லை, டிக்யூ8-உம் இல்லை. இனி அவனுக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊசி குத்திப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 6,500 ரூபாய் அன்றைக்குப் பெரிய தொகைதான், ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது நான் அழுதுவிட்டேன். இரத்தம் எடுக்கும் அந்தப் பெண், "தம்பி தப்பிச்சான், அழாதக்கா" என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் இருவருக்கும் எதிர்ப்பொருள் எதுவும் இல்லை.

அவர்கள் தமிழில் அச்சடித்துத் தரும் உணவுத் தாள் ஒன்றையும் சொல்ல வேண்டும். கோதுமை, மைதா, ரவை, சேமியா தவிர நம் கண்ணுக்குத் தெரியாதவற்றை அதில் எழுதியிருக்கிறார்கள். கூட்டுப்பெருங்காயத்தில் மாவு சேர்க்கிறார்கள், அது பெரும்பாலும் கோதுமை மாவு என்பதை நான் அதில்தான் படித்தேன். எங்கள் சாம்பாரிலும் ரசத்திலும் நாள்தோறும் அது விழுந்துகொண்டிருந்தது. பார்லி சேர்ந்த மால்ட் பானங்கள், கோதுமை கலந்த சத்துமாவு, சோயா சாஸ் ஆகியவையும் தாளில் உண்டு. எல்லாவற்றையும்விட மாவு அரைக்கும் மெஷினைப் பற்றிய வரி மிக முக்கியமானது. கோதுமை அரைத்த மெஷினில் அடுத்து நம் கேழ்வரகைக் கொட்டினால், முதலில் விழுவது கோதுமையோடு கலந்த மாவு. குளூட்டன் இல்லாதது என்று நம் நாட்டில் உணவுப்பொருளின்மேல் அச்சிடவேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது சட்டம். மெஷினின் வாயில் ஒட்டியிருக்கும் மாவைப் பார்த்தால் அந்த 20 மில்லிகிராம் எவ்வளவு சிறியது என்று விளங்கும். நான் இப்போது கேழ்வரகையும் கம்பையும் வீட்டு மிக்ஸியிலேயே அரைக்கிறேன். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழை அவள் குடிக்கலாமா என்று கேட்டபோது, மாவு எங்கே அரைத்தது என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்றார்கள். கோயிலில் கேட்டேன், யாரும் தப்பாக நினைக்கவில்லை. அந்தத் தாளில் அத்தோவைப் பற்றி ஒரு வரி இல்லை என்பது ஒரு குறை. பர்மாவிலிருந்து வந்தவர்கள் வாழும் நம் பகுதியில் மாலையானால் பிள்ளைகள் அத்தோ வண்டியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். அந்த நூடுல்ஸ் மைதாவில் செய்வது என்று நான் சொன்னதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த அச்சில் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

வேறு குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். என் மாமியாரால் ஏறவே முடியவில்லை. காலை ஏழரை மணிக்குமேல் போனால் சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வந்தவர்களின் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். மரபணுப் பரிசோதனையை இவர்களும் வெளியேதான் அனுப்புகிறார்கள். ஏழு நாள் என்று சொல்லிப் பன்னிரண்டு நாள் ஆனது, நாங்களே இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. உணவுத் தாளைத் தமிழில் தருபவர்கள் அறிக்கையை முழுக்க ஆங்கிலத்தில் தருவது எனக்குப் பிடிக்கவில்லை. விலைப்பட்டியலைச் சுவரில் ஒட்டவும் இல்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இங்கே போகிறவர்கள், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே போங்கள். சீட்டில் மொத்த ஐஜிஏ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள். காலையில் போவதென்றால் ஏழு மணிக்கே போய்விடுவது நல்லது.

நான்காவது வருகை சென்ற மாதம். கோதுமையை முற்றிலும் நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது. இந்த முறை யாரும் சொல்லாமலே ஐஜிஜி பரிசோதனையைத்தான் பில்லில் போட்டிருந்தார்கள். பழைய குறிப்பு அவர்கள் கணினியில் இருந்திருக்கிறது. அளவு பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஹீமோகுளோபின் 11.4. இரத்தம் எடுக்கும் பெண் மகளைச் சுவரோரம் நிறுத்தி, முதல் நாள் விளையாட்டாகப் பென்சிலால் போட்டிருந்த கோட்டைத் தேடிக் காட்டினார். கோடு இப்போது அவள் உச்சந்தலைக்குக் கீழே இறங்கியிருந்தது. புதிய சீருடைக்கு வண்ணாரப்பேட்டையில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்திருக்கிறோம்.